கிளிஞ்சல் தூளும் என் பல்லும்

12-8-73, ஞாயிறு

எனக்கு நிச்சயமான மாப்பிள்ளையின் அக்கா, இனி எனக்கு அண்ணி, வந்திருந்தாள். முதலில் பார்த்ததே என் வாயைத்தான்.

"பல்லு மஞ்சளா கீதே. கல்யாணத்துக்குள்ள என்னிய மாதிரி கிளிஞ்சல இடிச்சுத் தேச்சுக்கோ."

நானும் தேய்த்தவள்தான். பச்சைத் தண்ணீர் பட்டாலே கூசியது. மீஞ்சூர் பல் டாக்டர், "மேல்பூச்சு தேய ஆரம்பிச்சிருக்கும்மா. இப்பவே நிறுத்து. இல்லாட்டி உள்ள இருக்கிற மஞ்சள்தான் வெளியே தெரியும்" என்றார். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

அதைச் சொன்னதும் அண்ணி வெள்ளைவெளேரென்று சிரித்தாள்.

அம்மா ஐஸ் போட்ட சர்பத் கொடுத்தாள். ஒரு வாய் குடித்த அண்ணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா அண்ணி, கூசுதா?"

அண்ணி தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். என் தம்ளரை நான் காலி செய்தேன். கொஞ்சம் கூசியது; காட்டிக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது வாசலில் மெதுவாகக் கேட்டாள்: "அந்த டாக்டரு மீஞ்சூர்ல எங்க கீறாரு?"

வழி சொன்னேன், மஞ்சள் பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டே.