சுழலும் தூணைக் கழற்றச் சொன்னவள்

என்கூடப் பிறந்த ரெமிக்கு, என் செல்லத் தம்பிக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். ஆண்டுப் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு மடல் அச்சடிக்கிறோம். உன் படமும் ஒரு பைபிள் வசனமும் போதும் என்றார்கள். நான்தான் கடிதமாய் எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுவது உனக்கு. ஆனால் புன்னைக்காயல் முழுக்க வாசிக்கும். வாசிக்கட்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் தூத்துக்குடிக்குப் போனேன். காற்றாலை இறக்கை ஏற்றிய லாரி ஒன்று துறைமுக ரோட்டில் திரும்ப முடியாமல் நின்றது. பஸ் அரை மணி நேரம் நகரவில்லை. நீ இருந்தால் இறங்கிப் போய் அந்த இறக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, டிரைவரிடம் நாலு கேள்வியும் கேட்டுவிட்டுத்தான் ஏறுவாய். எனக்கு ஜன்னலோரம் முகத்தை மூடிக்கொண்டு அழத்தான் முடிந்தது.

உனக்குத் துறைமுகத்துப் பக்கம் பட்டறையில் ஃபிட்டர் வேலை. லீவு நாளில் உன் மச்சானோடு, அதுதான் என் வீட்டுக்காரரோடு, கடலுக்குப் போவாய். "காத்து சும்மாதான அடிக்கு, எதுக்கு எண்ணெயை எரிக்கணும்?" இதே பேச்சுதான் உனக்கு. பாய் கட்டவேண்டியதுதானே என்று கேட்டேன். "பாயைப் பிடிக்க ஒரு ஆளு வேணும்க்கா. அப்புறம் வலையை யாரு இழுக்க?" என்றாய். பாய் இல்லாமல் காற்றைப் பிடிக்கவேண்டும், உனக்கு அதுதான் பைத்தியம்.

முதலில் பட்டம் விட்டாய். குடைத்துணியில் ஆளுயரப் பட்டம், நைலான் கயிற்றில் கட்டி, படகை இழுக்க. அது படகை இழுத்தது, நிஜந்தான். அப்புறம் கரைப் பக்கம் வந்தபோது காற்று செத்து, யார் வீட்டு மாடியிலோ காயப்போட்ட கருவாட்டின் மேல் விழுந்தது. அடுத்து படகில் ஒரு காற்றாடி வைத்தாய். மேலே அது சுற்றினால் கீழே தண்ணீரில் இன்னொன்று சுற்றும். அந்தச் சத்தத்துக்கே மீன் ஓடிரும் என்று உன் மச்சான் கழற்றிப் போட்டார்.

அப்புறம்தான் அந்தக் கப்பல் வந்தது. மேல்தளத்தில் ரெண்டு பெரிய தூண், பாயும் இல்லை புகைபோக்கியும் இல்லை, துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது அந்தத் தூண்கள் தன்னால் சுழல ஆரம்பித்தன என்று அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து சொன்னாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பந்தைச் சுழட்டி அடிச்சா வளைஞ்சு போகும்லா? அதே சங்கதிதான்க்கா. தூணு சுத்தும்போது ஒரு பக்கம் காத்து வேகமா ஓடும், மறு பக்கம் மெதுவா ஓடும். வேகமா ஓடுத பக்கமாப் படகு நகரும்." நான் தலையை ஆட்டினேன். புரிந்ததால் அல்ல. உன் முகம் அப்படி இருந்தது.

மூன்று நீல டிரம்மை ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டினாய். மேலும் கீழும் வட்டப் பலகை, பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் மோட்டார், ரெண்டு பேட்டரி. ஆற்று முகத்துவாரத்தில் ஓட்டிக் காட்டிய அன்று நானும் கரையில் நின்றேன். எஞ்சினை அணைத்தாய். டிரம் உம்மென்று சுழன்றது. படகு காற்றுக்குக் குறுக்கே, யாரோ கையால் தள்ளுவதுபோல் மெள்ளப் போனது. சுவிட்சை மாற்றிப் போட்டதும் அதே படகு திரும்பி வந்தது. "அக்கா, பாத்தியா?" என்று அங்கேயிருந்தே கத்தினாய்.

பார்த்தேன் தம்பி. அது ஓடியது. அதற்கு நான் சாட்சி.

அதற்குள் ஒரு காற்று சடாரென்று அடித்துப் படகு சாய்ந்ததில் உன் மச்சான் தண்ணீரில் விழுந்தார். ஊரே சிரித்தது. "செலின் தம்பி படகுல தண்ணித்தொட்டி வச்சிருக்கானாம்" என்று என் பேரையும் இழுத்து மீன் ஏலத்தில்கூடப் பேசிக்கொண்டார்கள். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். எனக்குத்தான் முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் மணப்பாட்டிலிருந்து உனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல பெண். முன்னால் வந்த சம்பந்தம் ஒன்று "மாப்பிள்ளை கொஞ்சம் கிறுக்காமே" என்று விசாரித்துவிட்டுப் போனதை நான் மறக்கவில்லை. பெண் வீட்டார் வந்தால் கடற்கரைக்கும் போவார்கள், அந்த நீலத் தூணைப் பார்ப்பார்கள். உன்னைத் தனியாய்க் கூப்பிட்டு, "ஏலே, அதைக் கழத்திப் போடு. கல்யாணம் முடியட்டும், பொறவு என்னமும் செய்" என்றேன். படகு கவிழ்ந்துவிடும் என்று பயந்து சொன்னேன் என இத்தனை நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பயம் கொஞ்சந்தான். வெட்கந்தான் பெரிசு.

நீ "சரிக்கா" என்றாய். மறுநாளே கழற்றி வீட்டுப் பின்னால் சாய்த்துவைத்துவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம், "மோட்டாரு சரியா வரல, விட்டுட்டேன்" என்று சொன்னாய். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்றுதானே?

அதற்கு நாலாம் நாள் நீயும் உன் மச்சானும் கடலுக்குப் போனீர்கள். கச்சான் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்துச் சீறிக்கொண்டிருந்த நேரம். வலைக்கயிறு எஞ்சின் விசிறியில் சுற்றி இறுகிவிட்டது. செல்போனில் சிக்னல் இல்லை. படகோ கரையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. நீ கத்தியோடு குதித்தாய். அலை தூக்கிப் போட்டதில் படகின் அடிப்பாகம் உன் தலையில் இறங்கியது. உன் மச்சான் உன்னை இழுத்து மேலே போட்டார். அதற்குப் பிறகு அவரால் முடிந்ததெல்லாம் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு காற்று கொண்டுபோகிற பக்கம் போவதுதான். மறுநாள் மத்தியானம் நீ போய்விட்டாய். அதற்கும் மறுநாள் சரக்குத் தோணி ஒன்று அவரையும் உன்னையும் ஏற்றி, படகையும் கட்டி இழுத்து வந்தது.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது உன் மச்சான் சொன்னார்: "அந்தத் தூணு மட்டும் படகுல இருந்திருந்தா குறுக்க ஓட்டியே மணப்பாட்டு முனையைப் பிடிச்சிருப்பேன். பாவிப்பய, அதைப் போயி கழத்திப் போட்டானே."

நான் அங்கேதான் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பழி உன் மேல் விழுந்தது. இறந்துபோனவன் மேல் விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

எதிர்க்காற்றில் அது இழுக்காது என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆனால் குறுக்கே போகுமே. அது இருந்திருந்தால் நீ குதித்திருப்பாயா? அடிபட்ட பிறகாவது ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்திருப்பாயா? யாரிடம் கேட்க? தெரிந்தவன் நீ ஒருத்தன்தான்.

உன் மச்சான் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. கரையில் பிறர் வலையைச் செப்பம் பார்க்கிறார். வீட்டில் பேச்சும் குறைந்துபோயிற்று. இந்த மடலுக்கு எழுத உட்கார்ந்த அன்றைக்கு, பொய்யாய் எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் சொல்லிவிட்டேன். "அவன் தானாக் கழத்தல. நான்தான் கழத்தச் சொன்னேன். பொண்ணு வீட்டுக்காரங்க பாத்துருவாங்கன்னு."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

"ஏளா, படகுல அவனுக்கு நெனவு வந்து வந்து போய்ட்டு இருந்துது. நான் அவன்கிட்டக் கேட்டேன். ஏம்லே தூணைக் கழத்துனன்னு கேட்டேன், கோவத்துல. கண்ணைத் தொறந்து, மோட்டாரு சரியில்ல மச்சான்னான். கொஞ்ச நேரங்கழிச்சு அவனாவே திரும்பவும் சொன்னான், மோட்டாருதான் மச்சான்னு. நான் நம்பலயோன்னு நெனச்சிருக்கான்ளா."

ரெமி, உன் தலை உடைந்து கிடக்கிறது. குடிக்கத் தண்ணீர் இல்லை. அந்த நிலையிலும் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று ரெண்டு தரம் பொய் சொன்னாயாடா?

நாங்கள் ரெண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம். ஒரு வருஷத்தில் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். அவர் என்னை மன்னித்தாரா, தெரியாது. நான் கேட்கவும் இல்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் காலையில் உன் பட்டறைக் கூட்டாளியைக் கூட்டிவந்து, வீட்டுப் பின்னால் கிடந்த டிரம்மைத் துடைத்து, மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை தம்பி. முதல் தட்டிலேயே சுற்றியது. அவர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

படகில் மறுபடி மாட்டப்போகிறார்கள். கடலில் இறங்க அவருக்கு இன்னும் பயந்தான். முதல் நாள் நானும் ஏறி உட்காருகிறேன் என்றிருக்கிறேன். பெண்பிள்ளை எதற்குப் படகில் என்று கேட்பார்கள். கேட்டுக்கொள்ளட்டும்.

உனக்கு நான் ஒரு வாக்குத் தருகிறேன். ரெமிக்கு அது சரியாய் வரவில்லை, பாதியில் விட்டுவிட்டான் என்று இனி இந்தக் கரையில் யார் சொன்னாலும், ஏலக்கூடத்திலோ கோயில் வாசலிலோ, எங்கே என்றாலும் நிறுத்திச் சொல்வேன்: அவன் செய்தது ஓடியது, கழற்றச் சொன்னது நான்.

உன்னைக் கடலுக்கு வெறுங்கையாய் அனுப்பிய
உன் அக்கா
செலின்