லண்டன் கல்யாணம், விழுப்புரம் ரிசப்ஷன்

மே 16, புதன்

கத்திரி வெயில். கடை திறந்ததும் கரண்ட் போச்சு. ஃபேஷியலுக்கு வந்த ரெண்டு பேரைச் சாயந்தரம் வரச் சொல்லிட்டேன்.

வாங்கணும்: ஹேர்பின், சேஃப்டி பின், பஞ்சு, ரோஸ் வாட்டர், கண்மை. வீட்டுக்கு உளுந்து.

நித்யா ட்ரையலுக்கு வந்தா. சனிக்கிழமை சாயந்தரம் விழுப்புரத்துல அவளுக்கு ரிசப்ஷன், ஞாயிறு காலையில முகூர்த்தம். இங்க திண்டிவனத்துல மெடிக்கல் ஷாப்புல வேலை பாக்குற பொண்ணு. நல்ல கறுப்பு. பரு இல்ல, தழும்பு இல்ல. இத்தனை வருஷம் பார்லர் வெச்சிருக்கேன், இந்த மாதிரி தோலு எப்பவோ ஒருதரம்தான் கைக்கு வரும்.

கூடவே மாமியார் ஆகப்போறவங்களும். சரோஜா அம்மா. அனந்தபுரம் பக்கம், சொந்த நிலம், மல்லாட்டை, அதான் வேர்க்கடலை விவசாயம். மேக்கப் அவங்க செலவு. பையன் இந்தப் பொண்ணுதான்னு ஒத்தக்கால்ல நின்னானாம்.

நித்யா கலருக்கு ஒட்டின ஷேடு போட்டுக் காட்டினேன். கண்ணாடியில பாத்துட்டு லேசா சிரிச்சா. அவ முகம் கழுவப் போன நேரம் சரோஜா அம்மா என்கிட்ட மெதுவா, "நல்லாதான் இருக்குது. சனிக்கெழம மட்டும் ரெண்டு ஷேடு வெளுப்பா ஏத்திடும்மா. அவகிட்ட சொல்லிக்கினு இருக்காத."

சரிங்கம்மான்னேன். எல்லாரும் கேக்கறதுதான். ஆனா சொல்லாதன்னு யாரும் சொன்னதில்ல.

மே 17, வியாழன்

வெயில். சாயந்தரம் புழுக்கம். மழை வர்ற மாதிரி போக்கு காட்டிட்டுப் போயிடுச்சு.

கடையில இன்னிக்கு முழுக்க ஒரே பேச்சு. லண்டன் ராஜா வீட்டுக் கல்யாணம். அதுவும் இதே சனிக்கிழமைதானாம். நம்ம ஊர் நேரத்துக்கு நாலரை மணி.

ஹிஸ்டரி டீச்சர் டை போட வந்தாங்க. ரிட்டயர் ஆயிட்டாங்க, ஆனா குரல் இன்னும் க்ளாஸ் ரூம் குரல். "வெள்ளக்காரன் போயி எவ்ளோ காலம் ஆச்சு. இன்னும் அவங்க வீட்டு விசேஷத்த வாயப் பொளந்துக்கினு பாக்குறோம். வெக்கமா இல்ல?" டை காயறதுக்காகக் கண்ணை மூடி உக்காந்திருந்தவங்க அப்புறம் என்னைக் கூப்பிட்டு: "எந்தச் சேனல்ல போடறான் ஸ்டெல்லா?"

பேங்க்ல வேலை பாக்குற பொண்ணு கவுனைப் பத்தியே பேசிக்கினு இருந்தா. டிசைன் வெளிய தெரியாம ரகசியமா வெச்சிருக்காங்களாம். நம்ம ஊர்ல ப்ளவுஸ் தைக்கக் கொடுத்தாலே தெருவுக்கே தெரிஞ்சுடும்.

கடை வாசல்ல அவிச்ச மல்லாட்டை விக்கிற முனியம்மா ஃபேனுக்காக உள்ள வந்து நின்னாங்க. "அந்தப் பொண்ணு ஏற்கெனவே ஒருதரம் கட்டி அறுத்துக்கினதாமே? நெசமாவா?" ஆமான்னா பேங்க் பொண்ணு. "ராஜா வூட்ல ஒத்துக்கினாங்களா?" ஒத்துக்கினாங்க. முனியம்மா கூடையை எறக்கி வெச்சாங்க. அவங்க பொண்ணு புருஷன வுட்டுட்டு வந்து வீட்டோட இருக்குது. அப்புறம், "ஒரு போட்டோ காட்டும்மா, பாக்கறேன்."

போட்டோ கை மாறிக் கை மாறிப் போச்சு. அம்மா பக்கம் கறுப்பு இனமாம், அங்க அதைப் பத்தி ரொம்பப் பேசறாங்களாம். முனியம்மா போனை எட்டப் புடிச்சுப் பாத்துட்டு, "இதுவா கறுப்பு? இது கறுப்புன்னா என்னை இன்னான்னு சொல்லுவாங்க?" கடையே சிரிச்சுது. டீச்சரும்.

கடையில யாரும் இல்லாதப்ப நான் அந்த போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தேன். மூக்குமேல, கன்னத்துல சின்னச் சின்னப் புள்ளி. மறைக்கவே இல்ல. மறைக்கத் தெரியாத ஆளையா மேக்கப்புக்கு வெச்சிருப்பாங்க?

மே 18, வெள்ளி

மண்டபத்துல பொண்ணு ரூம் வெளிச்சம் எப்படின்னு பாக்க வி.புரம் போனேன். பஸ்ல கூட்டேரிப்பட்டு வரைக்கும் நின்னுக்கினு.

முன் சீட்டுல ரெண்டு காலேஜ் பசங்க:
"ராணி செத்தா அடுத்தது யாருடா?"
"புள்ளதான். அவரே கெழவராயிட்டாரு."
"எங்க மாமாவுக்கு ரேஷன் கடையில பர்மனன்ட் ஆவுற கதைடா இது."

மண்டப வாசல்ல பேனர் கட்டிக்கினு இருந்தாங்க. ரெண்டு ஆள் உயரம். மாப்ள பக்கத்துல யாரோ ஒரு வெள்ளை வெளேர்னு பொண்ணு. பேரைப் படிச்சப்புறம்தான் நித்யான்னு தெரிஞ்சுது.

ரூம்ல ஒரே ஒரு ட்யூப்லைட். என் ரிங் லைட்டை எடுத்துக்கினு போகணும்.

ராத்திரி சாப்பாட்டுல என் வீட்டுக்காரர் டேவிட்: "நம்ம மல்லாட்டையெல்லாம் கப்பல்ல ஏத்திக்கினு போனவனுங்க. அவனுங்க கல்யாணத்துக்கு நீ எதுக்கு ஆலாப் பறக்குற?" மல்லாட்டை ஏலம் விடற கமிட்டி மண்டியில வேலை பாக்குறவரு, எல்லாத்தையும் மல்லாட்டை வழியாதான் பாப்பாரு. நான் ஒண்ணும் பறக்கல. ஆனா ஏன் பாக்கறேன்னு எனக்கும் தெரியல. அவங்களால நமக்கு ஒரு நல்லதும் இல்ல. பெரிய வீட்டுக் கல்யாணத்தை காம்பவுண்டுக்கு வெளிய நின்னு பாக்கற மாதிரிதான். உள்ள கூப்பிட மாட்டாங்க. இருந்தாலும் கால் நகராது. பொண்ணு எப்படி இருக்கா, மாமியார் முகம் எப்படி இருக்குன்னு பாத்துட்டுதான் நகரும்.

சரோஜா அம்மா போன். "ரெண்டு ஷேடு. மறந்துடாத."

மே 19, சனி

பெட்டி கட்டியாச்சு. ரெண்டு ஷேடையும் எடுத்து வெச்சிருக்கேன். எதைப் போடப் போறேன்னு கேட்டா தெரியல. பஸ்ஸுக்கு நேரமாச்சு.

மே 20, ஞாயிறு

வி.புரம் பஸ் ஸ்டாண்டு. கல்யாணச் சாப்பாடு முடிஞ்சு தி.வனம் வண்டிக்கு உக்காந்திருக்கேன். நேத்து நடந்ததை இப்பவே எழுதிடணும், வீட்டுக்குப் போனா துணி ஊறப்போடற வேலை வந்துடும்.

ரூம்ல நித்யா, அவ அம்மா, ஃப்ரெண்டு ரம்யா, சரோஜா அம்மா, அவங்க நாத்தனாருங்க ரெண்டு பேரு. ஏசி பேருக்குதான். நான் தலை வாரி எடுத்துக்கினு இருக்கும்போதே ரம்யா போன்ல லைவ் ஆரம்பிச்சுடுச்சு. போனைக் கண்ணாடியோரமா பவுடர் டப்பாமேல சாய்ச்சு வெச்சா. எல்லாத் தலையும் குனிஞ்சதுல எனக்கு வெளிச்சம் போச்சு.

"எம்மாம் நீளம் அந்த முக்காடு!"
"அப்பாகாரு வரலியாமே?"
"அதுக்குன்னு தனியாவா நடந்து வருது?"
"ராணியம்மா பாரு, கிளிப்பச்சை."

அப்ப போன்ல அந்த லண்டன் பொண்ணோட அம்மாவைக் காட்டினாங்க. அவ்ளோ பெரிய கோயில்ல பக்கத்துல சொந்தம்னு ஒருத்தரும் இல்லாம ஒண்டியா உக்காந்துக்கினு. நித்யா அம்மாதான் முதல்ல பாத்தாங்க: "மூக்குத்தி! மூக்குத்தி போட்டிருக்குது பாருங்க!" அதுவரைக்கும் கட்டில்ல தள்ளி உக்காந்திருந்த சரோஜா அம்மா எழுந்து வந்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. "நம்ம பொம்பள மாதிரிதான் இருக்குது."

தலை முடிஞ்சுது. முகத்துக்கு வந்தேன். வெளுப்பு ஷேடை எடுத்துப் புறங்கையில தேய்ச்சேன். ஆமா, அதைத்தான் எடுத்தேன். நித்யா கண்ணாடியில பாத்துட்டா.

"அக்கா, அன்னிக்குப் போட்டது இது இல்லியே."

நான் சரோஜா அம்மாவைப் பாத்தேன். அவங்க, "நான்தான் சொன்னேன்."

"வேணாம் அத்தை."

"ஒரு நாளு கூத்துதானே. போட்டுக்கோ."

"அந்தப் பொண்ணு மூஞ்சியில புள்ளி கூடத் தெரியுது. உலகமே பாக்குது. மறைச்சுக்கினா வந்திருக்குது?"

"அது ராஜா வூட்டுக்குப் போற பொண்ணு. யாரு இன்னா சொல்லிடப் போறாங்க?"

"சொல்லாமயா? அந்த ஊரு பேப்பர்ல எழுதாத எழுத்து இல்ல ஆன்ட்டி" - இது ரம்யா.

பெரிய நாத்தனார் குறுக்க வந்தாங்க: "வாசல்ல பேனர்ல ஒரு கலரு, மேடையில ஒரு கலருன்னா சனம் சிரிக்காதா?"

"அப்ப பேனரைக் கழட்டிடுங்க"ன்னா நித்யா. சத்தம் போடல. போன்ல யாரோ கூட்டமா பாடிக்கினு இருந்தாங்க. நித்யா அம்மா பயந்துபோய் மகள் தோளை அழுத்தினாங்க, போதும் போதும்னு.

சரோஜா அம்மா நாத்தனாருங்க ரெண்டு பேரையும் காபி வந்துச்சான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க. கதவு சாத்தினதும் நித்யா எதிர்ல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க.

"உன்னைக் கொறை சொல்லலடி. எனக்கு நலங்கு வெச்ச அன்னிக்கு, இது மேல மஞ்சள் எடுபடாதுன்னு ஒருத்தி சொன்னா. சத்தமாத்தான் சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் கூடச் சேந்து சிரிச்சேன். வேற இன்னா பண்றது? அதே சனம்தான் இப்ப கீழ சேர்ல உக்காந்துக்கினு இருக்குது."

அப்பதான் நான் அவங்க முகத்தைச் சரியாப் பாத்தேன். நித்யா கலர்தான். ஒரு நூல் கூடவே இருக்கும். ட்ரையல் அன்னிக்குக் கடைக்கு வந்து போனவங்க, நான் கவனிக்கவே இல்ல.

நித்யா அவங்க கையப் புடிச்சுக்கினா. "என்னைச் சொன்னா நான் சிரிக்க மாட்டேன் அத்தை. நீங்க பக்கத்துல நில்லுங்க. அது போதும்."

சரோஜா அம்மா முந்தானையில மூக்கைத் தொடச்சாங்க. அப்புறம் என்னைப் பாத்து, "இன்னா பாத்துக்கினு நிக்கிற? மணி ஆவுதில்ல? அவ சொல்றதைப் போடு. நல்லா போடு, ஏனோதானோன்னு இருக்கக் கூடாது."

புறங்கையத் தொடச்சிட்டு வேலைய ஆரம்பிச்சேன். கண்ணுக்குத் தங்கக் கலர், உதட்டுக்கு மெரூன். அந்தத் தோல்மேல தங்கம் எப்படி நின்னுது! வெளுப்புமேல அப்படி நிக்காது. என்னை அறியாம ரெண்டு தடவை எட்டி நின்னு பாத்தேன். முடிச்சு நிமிந்தப்ப போன்ல குதிரை வண்டி போய்க்கினு இருந்துச்சு. யாரும் அதைப் பாக்கல. எல்லாரும் நித்யாவைப் பாத்துக்கினு.

மேடைக்குக் கூட்டிக்கினு போனேன். பேச்சு கேட்டுச்சு, கேக்காம இல்ல. "பேனர்ல வேற மாதிரி இருந்துச்சே." பந்தியப் பாக்க வேண்டிய சரோஜா அம்மா பந்திப் பக்கமே போகல. நித்யா இந்தப் பக்கம், மாப்ள அந்தப் பக்கம், நடுவுல இவங்க. போட்டோக்காரர் நகரச் சொல்லியும் நகரல.

வயசான சொந்தக்காரம்மா ஒருத்தங்க மொய்க் கவரைக் கொடுத்துட்டு, நித்யா தாடையப் புடிச்சு, "பொண்ணு லட்சணம்தான், கலருதான் கொஞ்சம்..."ன்னு இழுத்தாங்க.

"என் கலரு"ன்னாங்க சரோஜா அம்மா. "என் புள்ள சின்னதுலேந்து பாத்த கலரு. அதான் புடிச்சுக்கினான்."

அந்தம்மா கையை எடுத்துட்டாங்க. நித்யா சிரிச்சா. மாப்ள தலையைக் குனிஞ்சுக்கினான், வெக்கம். நான் மேடைக்குப் பின்னாடி பஞ்சும் காம்பாக்டும் வெச்சுக்கினு நின்னவ, என் கண்மையத்தான் முதல்ல தொடச்சேன்.

இன்னிக்குத் தாலி கட்டறப்பவும் அதே ஷேடு. யாரும் கேக்கல.

வண்டி வந்துடுச்சு.

மே 22, செவ்வாய்

நேத்து கடை லீவு. முழுக்கத் தூக்கம். இன்னிக்கும் வெயில்.

டீச்சர் வழியில நிறுத்தி முழுக் கல்யாணத்தையும் சொன்னாங்க. பாதிரியார் பேசினது, மோதிரம், குதிரை எத்தனைங்கறது வரைக்கும். "எல்லாம் வெறும் பகட்டு"ன்னு முடிச்சாங்க. நீ பாக்கலியான்னாங்க. பாதிதான் பாத்தேன் டீச்சர்னேன்.

நித்யா வாட்ஸாப்ல போட்டோ அனுப்பியிருக்கா. கடையோட பேஜ்ல போட்டுக்கலாம்னு அவளே எழுதியிருக்கா. போட்டேன். கீழ ஒருத்தர் 'லைட்டிங் சரியில்ல'ன்னு போட்டிருக்காரு. பதில் போடல.

மதியம் ஒரு பொண்ணு, ப்ளஸ் டூ முடிச்சது, அம்மாவோட வந்துச்சு. காலேஜ் சேரப் போகுதாம். "ப்ளீச் போட்டு வுடுங்க, போற எடத்துல நாலு பேர் மதிக்கணும்"னாங்க அம்மா. பொண்ணு கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்னுச்சு. சேரைத் திருப்பிப் போட்டு உக்கார வெச்சேன். துண்டு போத்தினேன். அம்மாவை வெளிய போய் ஒரு டீ சாப்டுட்டு வரச் சொன்னேன்.

"உனக்கு இன்னாம்மா வேணும்?"னு கேட்டேன். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல போல. முழிக்குது.