உறுமாத நாய்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். அரியாலை முழுக்க அடங்கிவிட்டது. லண்டனில் நீ வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றுகிற நேரமாய் இருக்கும். பகலில் எனக்குக் கை ஓயாது. ஓய்ந்தாலும் இதை எழுத மனம் வராது. மகள் இப்போதுதான் நித்திரையானாள். அவளுடைய கன்னத்தில் பூசுகிற மருந்தின் மணம் தலையணையில், என் தோளில், என் சட்டையில் எல்லாம் ஏறிப்போய்விட்டது. அது மூக்கில் அடிக்கிறபோதெல்லாம் நீதான் நினைவுக்கு வருகிறாய்.

றெக்ஸ் அவளைக் கடித்துவிட்டான். கண்ணுக்குச் சற்றுக் கீழே. ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, விசர்நாய்க்கடி ஊசியும் போடத் தொடங்கியிருக்கிறார்கள். கண் தப்பியது கடவுள் செயல் என்று பார்க்க வருகிற ஆட்கள் எல்லாரும் சொல்கிறார்கள். உனக்கு வட்ஸ்அப்பில் சொன்னேன். படமும் அனுப்பினேன். நீ பார்த்ததற்கு நீலக்கோடு விழுந்தது. அடுத்த நாள் உன் முகப்படமே இல்லாமல் போய்விட்டது. என்னை புளொக் பண்ணியிருக்கிறாய் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதனால்தான் கம்பஸ் காலத்தில் நாங்கள் குறிப்புகள் அனுப்பப் பாவித்த உன் பழைய மின்னஞ்சலுக்கு இதை எழுதுகிறேன். அதை நீ இன்னும் திறக்கிறாயோ தெரியாது. செத்தவர்களுக்கு எழுதுவதும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

றெக்ஸைக் கண்டெடுத்த நாள் உனக்கு மறந்திருக்காது. கம்பஸ் கடைசி வருடம். சுன்னாகம் சந்தையில் வெங்காயச் சாக்குகளுக்கு இடையில் நடுங்கிக்கொண்டு கிடந்தவனைத் தூக்கி உன் கைப்பைக்குள் வைத்தாய். பஸ்ஸில் அவன் முனகமுனக, நீ இருமியிருமி மறைத்தாய். கொண்டக்டர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, உம்மடை இருமல் வாலாட்டுது" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. நாங்கள் இறங்கும்வரை சிரித்தோம்.

அவனைப் பழக்குவதில்தான் எங்களுக்குள் முதல் பிணக்கு வந்தது. சனிக்கிழமைகளில் நான் உடுவிலுக்கு உங்கள் வீட்டுக்கு வருவேன், இணையத்தில் பார்த்ததையெல்லாம் தலைக்குள் சுமந்துகொண்டு. இருக்கச் சொல்வது, இருந்தவுடன் ஒரு துண்டு அவித்த ஈரல். பிழை விட்டால் ஒன்றும் சொல்லாமல் மறுபக்கம் திரும்பி நிற்பது. நீ வேலியில் ஒரு கிளுவந்தடி முறித்து வைத்திருந்தாய். அடி உதவுகிறமாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று நீ எனக்கு விளக்கம் சொல்ல, உன் அண்ணை உள்ளே இருந்து, "அப்ப நாளைக்கு மோட்டச்சைக்கிள் கேட்டு வராதை" என்றார். நீ தடியை ஆட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாய்:

"உன்ரை நாய் ஈரலுக்கு இருக்கும். என்ரை நாய் சொல்லுக்கு இருக்கும்."

அவன் இரண்டு பேருக்கும் இருந்தான். எனக்கு இருக்கும்போது வால் நிலத்தைக் கூட்டும். உனக்கு இருக்கும்போது காது இரண்டும் பின்னால் ஒட்டிப்போகும். நீ அதை மரியாதை என்றாய்.

பிறகு அந்தச் செபக்கூட்டங்கள். வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் உங்கள் சபை ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள். சைவக்காரியான நானும் சில நாட்களில் உன் பக்கத்தில் பாயில் இருந்திருக்கிறேன், முடிவில் வருகிற கேக்குக்காக என்று நீ பகிடி பண்ணுவாய். செபம் தொடங்க எல்லாரும் கண்ணை மூடி முழங்காலில் நிற்பார்கள். அதுவரை உயரத்தில் இருந்த முகங்கள் எல்லாம் ஒரேயடியாய் றெக்ஸின் முகமட்டத்துக்கு இறங்கிவரும். கைகள் உயரும். யாராவது ஒருவர் விம்மி அழுவார். உன் காலடியில் படுத்திருக்கிற அவன் உறுமுவான். பெரிய உறுமல் இல்லை. தூரத்தில் யாரோ ஆட்டுக்கல் சுற்றுகிறமாதிரி ஒரு சத்தம். போதகர் ஒருநாள் செபத்தை நிறுத்திவிட்டு, பிசாசுக்குச் செபம் பிடியாதுதானே என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள், உன் அப்பாவைத் தவிர. சபை மூப்பர் வீட்டு நாய் அல்லவா. இன்னொருக்கா உறுமினால் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடுவேன் என்று அவர் சொன்னதாய் நீ எனக்கு அழுதழுது சொன்னாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு உறுமலுக்கும் மூக்கில் ஒரு அடி. செபத்தில் மட்டும் இல்லை. தபால்காரருக்கு உறுமினால் அடி, சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்டப் போக உறுமினால் அடி. நான் உன்னோடு சண்டை பிடித்தேன். அவன் பயத்தில் சொல்கிறான், கிட்ட வராதே என்கிறான், சத்தத்தை அடித்துப்போட்டால் அந்தப் பயம் எங்கே போகும் என்று கேட்டேன். "சத்தம் போனால் எனக்குக் காணும்" என்றாய்.

சத்தம் போனது. சில மாதத்தில் செபம் முடியும்வரை கல்லுமாதிரிப் படுத்திருக்கப் பழகினான். வந்தவர்கள் மெச்சினார்கள். பிள்ளைகளைவிட நாய் பக்தியாய் இருக்குது என்று ஒரு அன்ரி சொன்னபோது நீ என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாயே, வென்ற ஆளின் சிரிப்பு. எனக்கு அப்போது கோபம் வரவில்லை. உன் முகம் அவ்வளவு வடிவாய் இருந்தது.

நீ லண்டனுக்கு வெளிக்கிட முதல் அவனை ஓட்டோவில் ஏற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாய். மகள் அப்போது தவழ்கிற பருவம். விசா வந்துவிட்டது, வீட்டில் வயதுபோனவர்களால் இவனைப் பார்க்க ஏலாது என்றாய். "உனக்கெண்டபடியாத்தான் தாறன். இவன் ஒரு சத்தம் போடமாட்டான். பிள்ளையின்ரை நித்திரை குழம்பாது." கைப்பிள்ளையோடு இரவிரவாய் விழித்திருந்த ஒருத்திக்கு அதைவிட என்ன சொல்லவேண்டும்? என்றாலும் நான் கேட்டேன். கடிக்கிற பழக்கம் ஏதும் இருக்கிறதா என்று வாய்விட்டுத்தான் கேட்டேன். நீ குனிந்து அவனுடைய கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னாய்:

"சீ, உவனோ? உறுமக்கூடத் தெரியாதவன்."

ஒரே மேசையில் படித்து, ஒரே பார்சலில் சாப்பிட்டவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

கடித்த அன்றைக்கு நான் கவனமில்லாமல் இருந்தேன் என்று யாரும் சொல்ல ஏலாது. குசினி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கை நீட்டினால் எட்டும் தூரம். மகள் முழங்காலில் இருந்து பொம்மைக்குச் சோறு தீத்தினாள். பிறகு றெக்ஸுக்கும் ஒரு வாய் தீத்துவதற்குக் குனிந்தாள். அவன் முகத்தைத் திருப்பினான். நாக்கால் மூக்கை நக்கினான். கண்ணின் வெள்ளை தெரிந்தது. எல்லாம் பார்த்தேன், அவை என்ன சொல்கின்றன என்று பிறகுதான் படித்தேன். அந்த நேரம் என் காது ஒரு சத்தத்துக்குக் காத்திருந்தது. ஒரு உறுமல் கேட்டிருந்தால் பிள்ளையை இழுத்திருப்பேன். அது வரவில்லை.

உங்கள் ஒழுங்கையில் தையல் தைக்கிற அக்கா தோடம்பழத்தோடு பிள்ளையைப் பார்க்க வந்தா. கட்டுப் போட்ட முகத்தைத் தடவிவிட்டு, வெகு சாதாரணமாய்ச் சொன்னா.

"உது முந்தியும் கடிச்சதுதானே, பிள்ளை."

அவ என் முகத்தைப் பார்த்தா. "உமக்கு அவ சொல்லேல்லையோ? போதகற்றை பேரப்பொடியனை. செபம் நடக்கேக்கை."

பிறகு எல்லாம் சொன்னா. எல்லாரும் கண்ணை மூடி முழங்காலில் நின்றபோது பொடியன் குழறினானாம். கண் திறந்து பார்க்க அவனுடைய கையில் இரத்தம். றெக்ஸ் உன் காலடியில் ஒன்றும் நடக்காதமாதிரிப் படுத்திருந்தானாம். நாயைப் பிடித்துக்கொண்டிருந்தபடியால் நீ மட்டும்தான் கண் விழித்திருந்தாய். பொடியன் வாலை மிதித்தான் என்று நீ சொன்னாய். தான் ஒன்றும் செய்யவில்லை, பக்கத்தில் முழங்காலில்தான் இருந்தேன் என்று அந்தப் பிள்ளை அழுதானாம். பெரியவர்கள் நீ சொன்னதை எடுத்துக்கொண்டார்கள். "அதுக்குப் பிறகுதானே அவவின்ரை அப்பா, நாய் இனி வீட்டிலை நிக்கப்படாதெண்டவர்" என்றா அக்கா. அப்போது விசா வந்திருக்கவே இல்லையாம்.

அக்கா போனபிறகு தோடம்பழத்தை உரித்து மகளுக்குக் கொடுத்தேன். நீ றெக்ஸை அடித்ததைக்கூட நான் பொறுப்பேன். அவனை வீட்டில் வைத்திருப்பதற்குத்தான் அடித்தாய் என்று எனக்கு விளங்குகிறது. அடிக்காவிட்டால் உன் அப்பா கொண்டுபோய் விட்டிருப்பார். ஆனால் ஒரு பிள்ளையைக் கடித்த நாயைப் பிள்ளை இருக்கிற வீடு பார்த்துக் கொண்டுவந்து விட்டாயே. அதுவும் நல்ல குணம் என்று சொல்லி. நீ உள்ளதைச் சொல்லியிருந்தாலும் நான் வாங்கியிருப்பேனோ என்னவோ. வாங்கியிருந்தால் ஒரு கதவு போட்டிருப்பேன், ஒரு கம்பி அடித்திருப்பேன். என்னிடம் இருந்து அந்தக் கதவைத்தான் நீ பறித்தாய்.

இப்போது வீட்டின் பின்பத்தித் தாழ்வாரத்தை மறித்து என் கணவர் கம்பிவலை அடித்திருக்கிறார். றெக்ஸ் அதற்குள். மாமி ஒவ்வொரு நாளும் ஒரே கதைதான்: உதைக் கொண்டுபோய்ச் சுன்னாகம் சந்தையிலை விட்டிட்டு வாங்கோ, கிடக்கிறதைத் தின்டு சீவிக்கும். அவன் எங்கே இருந்து வந்தான் என்று மாமிக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். எங்கள் வயதுப் பெண். அவனுக்கு முதலில் உறுமத் திரும்பப் பழக்கவேண்டும் என்று அவ சொன்னபோது, பகிடி விடுகிறாவோ என்று இவர் என்னைப் பார்த்தார். உறுமினால் அடிக்காமல் விலகவேண்டும், சொன்னால் கேட்பார்கள் என்று அவனுக்கு விளங்கவேண்டும் என்றா. பிள்ளை பக்கத்தில் இருந்தால் வாய்க்கூடு போடவேண்டும், நடுவில் எப்போதும் வலை இருக்கவேண்டும். ஆனால் முன்னம் கடித்ததைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டா. வால் மிதிபட்டுக் கடித்தானா, முகம் கிட்ட வந்ததற்குக் கடித்தானா, ஒன்றுமே இல்லாமல் போய்க் கடித்தானா? காரணம் இருந்தால் அதற்கு ஏற்றமாதிரிக் காவல் வைக்கலாமாம். ஒன்றுமில்லாமல் போய்க் கடித்தவன் என்றால், இந்த வீட்டில் மட்டுமில்லை, எந்த வீட்டிலும் வைத்திருக்கச் சொல்லமாட்டேன் என்றா. நோகாமல் ஊசி போடலாம் என்று மெல்லச் சொன்னா. கண்டவர் ஒருவர் சொன்னால்தான் தன்னால் முடிவு சொல்ல ஏலும் என்றா.

இன்று பின்னேரம் ஒன்று நடந்தது. சோற்றுக் கோப்பையை வலைக்குள் வைக்கக் குனிந்தேன். அவன் உறுமினான். சரியாய் வரவில்லை, பாவிக்காத தண்ணிப் பைப்பைத் திறந்தமாதிரி, விட்டுவிட்டு, தயங்கித் தயங்கி. உறுமிய உடனே தலையைத் தாழ்த்திக் கண்ணை இறுக்கினான், அடி விழுமென்று. மாமி பின்னால் நின்றா. "இப்ப உறுமவும் வெளிக்கிட்டிட்டுது. ஒண்டு போடு, பிள்ளை" என்று செருப்பை எடுத்து நீட்டினா. நான் பின்னுக்கு நகர்ந்தேன். நல்ல பிள்ளை என்று அவனுக்கு மெல்லச் சொன்னேன். தூர நின்று ஒரு துண்டு ஈரல் எறிந்தேன். கடித்த நாளில் இருந்து முதன்முதலாய் எனக்கு மூச்சு வந்தது.

இவர் வந்தவுடன் மாமி சொல்லிவிட்டா. இவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கை கழுவிக்கொண்டே கேட்டார்: "உறுமாமலே இப்பிடிக் கடிச்சது. உறுமத் தொடங்கினால் என்ன செய்யும்?" நான் விளங்கப்படுத்தினேன். அவர் பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிழை சொல்ல ஏலாது, அவரும் தகப்பன். ஞாயிறுவரை பார்ப்போம், அன்றைக்கு நாயை வைத்திருப்பதா இல்லையா என்று முடிவெடுப்போம் என்றார். பேசாமல் இருக்க றெக்ஸை அடித்துப் பழக்கிவிட்டால் இந்த வீட்டிலும் ஒரு பிரச்சினையும் வராது. நீ அன்று எந்த இடத்தில் நின்றாயோ அந்த இடத்தில் நான் இப்போது நிற்கிறேன். நான் தடி எடுக்கமாட்டேன்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். பயம் மிஞ்சியது, வீடு அமைதியாய் இருந்தால் ஓடிப்போய்ப் பிள்ளையைப் பார்க்கிறேன். அதோடு, உன் குரல். கடித்த அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு "இரு" என்று றெக்ஸைப் பார்த்துக் குழறியபோது வந்தது என் குரல் இல்லை, உன்னுடையது. அதே அதட்டல், அதே இழுப்பு. அவன் அந்த இடத்திலேயே இருந்துவிட்டான். அதற்காக உனக்கு நன்றி சொல்வதா, உன்னைத் திட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதவேண்டாம். நான் அதற்கு இன்னும் ஆயத்தம் இல்லை. அந்தப் பொடியன் வாலை மிதித்தானா? இல்லையென்றால் குனிந்தானா, தொட்டானா, சும்மா இருந்தானா? அங்கே நின்றவர்களில் கண் திறந்திருந்தது நீ ஒருத்திதான். உள்ளதை உள்ளபடி எழுது. எதுவாய் இருந்தாலும் வைத்தியரிடம் அப்படியே சொல்வேன். ஞாயிறுக்கு முதல் எனக்குத் தெரியவேண்டும். கெதியாய்ப் பதில் போடு.