மூச்சு தெரிகிற இடம்

ஏப்ரல் 22, செவ்வாய்

ஆற்றில் வெள்ளம் வந்து ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு முங்கியது ஒரு மார்கழி. அதற்கடுத்து பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் மலையில் தேயிலைக் கம்பெனி வேலையை நிறுத்தியது. அதற்கடுத்த பொங்கலுக்கு முன்னால் நாங்கள் நாலுமுக்கிலிருந்து சட்டிபானையோடு கீழே இறங்கினோம். இது அந்தப் பொங்கலுக்குப் பின் வந்த சித்திரை. எனக்கு எழுத்து தெரியாது. வருஷங்களை இப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறேன். ஒன்றும் நழுவியதில்லை.

மகன் இசக்கிராஜா தன் பழைய போனைக் கொடுத்தான். ஒரு இடத்தில் அமுக்கிக்கொண்டு பேசினால் அது எழுதிக்கொள்ளும். தேதியையும் அதுவே போட்டுக்கொள்ளும். நம்ம பேச்சில் பேசினால் கன்னாபின்னாவென்று பிடிக்கிறது. வாசித்துக் காட்டச் சொன்னால் உளறுகிறது. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்திப் பேசினால் சரியாக வருகிறது. மற்றவர்கள் சொன்னதை மட்டும் அவர்கள் சொன்னபடியே மூன்று தடவை சொல்லுவேன், அதற்கும் பணிந்துவிடும். எழுபத்து நாலு வயசில் ரேடியோக்காரன் ஆகியிருக்கிறேன்.

மலையில் என் வேலை குழாய் பார்க்கிறது. ஓடையிலிருந்து லைன் வீடுகளுக்குத் தண்ணீர் வருகிற குழாயோடு விடியற்காலையில் நடந்து போவேன். மேலே சல்லடையை அடைத்த சருகை அள்ளிப் போட்டு, கசிகிற மூட்டில் சணல் சுற்றிவிட்டு மத்தியானம் திரும்புவேன். ரிட்டயர் ஆன பிறகும் கால் அந்தப் பக்கம்தான் போகும். அத்தனை வருஷத்தில் அந்தப் பாதையில் என்னோடு வந்தவர்கள் ஒரு கையில் அடங்குவார்கள்.

மலைக்காக நான் ஏங்கவில்லை. அட்டைக் கடியும் ஈர விறகும் யாருக்கு வேண்டும்? தினம் கொஞ்ச நேரம் பக்கத்தில் ஆள் இல்லாமல் இருக்க வேண்டும். அது இல்லாமல் எனக்கு நாள் விடிவதில்லை. இங்கே அதைத்தான் காணோம்.

ஏப்ரல் 24, வியாழன்

ரெட்டியார்பட்டி அடுக்குமாடி வீட்டில் ஒரு கூடம், ஒரு அறை, ஒரு அடுப்படி. இசக்கிராஜாவுக்குப் பெட்ரோல் பங்கில் ராத்திரி வேலை, பகலில் அறையில் தூங்குகிறான். கூடத்தில் பேத்திகள் இரண்டு பேரும் டிவியும். மூலையில் மருமகள் முத்துராணி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறாள். அடுப்பில் எப்போதும் ஏதாவது ஒன்று கொதிக்கிறது; அதையும் அவள்தான் பார்க்கிறாள்.

மொட்டை மாடிக்குப் போனேன். காயப்போட்ட துணிகளுக்கு நடுவில் இரண்டு பொம்பிளைகள் சண்டை. என்னை மத்தியஸ்தம் செய்யச் சொன்னார்கள். கோயிலுக்குப் போனேன். மலையிலிருந்து இறங்கின ஆட்கள் பாதிப்பேர் அங்கேதான் இருக்கிறார்கள், ஆளுக்கொரு மூட்டுவலி சொன்னார்கள். ஆற்றுக்குப் போனேன். படித்துறையில் ஒரு கல்யாண ஜோடி போட்டோ எடுக்கிறது. "தாத்தா, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க, பிரேம்ல விழுதீய" என்றான் போட்டோக்காரன். தள்ளினேன். "இன்னுங் கொஞ்சம்" என்றான். தள்ளித் தள்ளி ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

விடமாட்டேன். இருக்கும் எங்கேயாவது.

ஏப்ரல் 28, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்!

டவுனிலிருந்து வரும்போது பஸ்ஸுக்குள் வெக்கை தாங்காமல் தலை சுற்றிற்று. மேலப்பாளையத்தில் இறங்கி நிழலுக்காக ஒரு சந்துக்குள் போனேன். ஒரு கட்டடத்தில் கனமான கதவு. அதற்கு அடியிலிருந்து வெள்ளையாக மூடுபனி வந்து தெருவில் தவழ்கிறது. மண்டை குழம்பிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். காலை நீட்டினேன். குளிர்ந்தது.

ஐஸ் கம்பெனி. மீன்காரர்களுக்கும் சர்பத் கடைகளுக்கும் பாளம் பாளமாகப் போடுகிறவர்கள். முதலாளி அகமது மீரான் வெளியே வந்தார்.

"என்ன பெரியவரே, ஐஸ் வேணுமா?"

"வேண்டாம் பாய். சும்மா நிக்கேன்."

"சும்மா நிக்கதுக்கு மேலப்பாளையத்துல வேற எடமே கெடைக்கலியா? லோடு ஏத்துத பாதையில்லா இது?"

அப்போது ஒரு பையன் பாளத்தை இழுத்துக்கொண்டு கதவைத் திறந்தான். குளிர் முகத்தில் அடித்தது. வாயைத் திறந்து ஊதினேன். என் மூச்சு புகையாக வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மலையில் தினம் காலையில் முதலில் பார்ப்பது அதைத்தான்—நம்ம மூச்சு நமக்கு முன்னால் போகும். கீழே இறங்கின பிறகு இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"பாய், உள்ள கொஞ்ச நேரம் உக்காரட்டுமா?"

"வேர்வையோட உள்ள போனா வெறைச்சிப் போவீரு. பெறவு போலீசுக்கு நான் பதில் சொல்லணும்."

"நாலுமுக்குல கெடந்தவன் பாய் நான்."

"அது எங்கன இருக்கு?"

"ரேடியோவுல மழை அளவு சொல்லுவாம்லா? அதுல மொதல்ல சொல்லுத ஊரு."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மத்தியானம் வேலைக்காரப் பையன்கள் சாப்பிட்டுத் தூங்குகிற நேரத்தில் வரலாம், போர்வை கொண்டுவர வேண்டும், கதவிடுக்கில் அவர் வைக்கிற கட்டையை எடுக்கக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை. பிறகு காதோடு காதாக, "வீட்டுல பொண்டாட்டிகூட சண்டைன்னா நானும் இங்கதாம்வே வந்து உக்காருவேன். ஒருத்தி உள்ள வரமாட்டா" என்றார்.

ஏப்ரல் 30, புதன்

தேயிலைக் கம்பெனி கொடுத்த கறுப்புக் கம்பளி பரணில் கிடந்தது. உதறி எடுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே ஒரு சின்ன பல்பு. சாக்கு மூடிய பாளங்கள் ஆள் உயரத்துக்கு. சாக்கு விலகின இடத்தில் நீலமாக ஒரு வெளிச்சம். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம், ஓடை சத்தம் மாதிரி இல்லை, அது அது மாதிரியே இருக்கிறது. எனக்கு அது போதும். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பலகையில் உட்கார்ந்தேன். மூச்சை விட்டேன். பார்த்தேன். விட்டேன். பார்த்தேன்.

என்ன நினைத்தேன் என்று கேட்டால் ஒன்றும் இல்லை. அங்கே நான் யாருக்கும் அப்பா இல்லை, மாமனார் இல்லை, தாத்தா இல்லை.

வெளியே வந்தால் மேலப்பாளையத்து வெயில்கூட இதமாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து இரண்டாந்தடவை சோறு கேட்டேன்.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் தொடங்கியாயிற்று. கம்பளியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தாத்தா, இந்த பஸ்ஸு ஊட்டிக்குப் போவாது" என்றான்.

மே 9, வெள்ளி

முத்துராணி குளியலறைக்குள் போனால் வருவதில்லை. குழாய் திறந்திருக்கிறது. வாளி நிறைந்து வழிகிற சத்தம் வேறு, ஆள் மோந்து ஊற்றுகிற சத்தம் வேறு. இது வழிகிற சத்தம். எனக்குப் பொறுக்குமா? கதவுக்கு வெளியே நின்று, "ஏளா, தண்ணி வீணாப் போவுது, குளிக்கியா என்ன செய்யுத?" என்று சத்தம் போட்டேன்.

குழாய் நின்றது. வெளியே வந்தாள். தலையும் நனையவில்லை, முகமும் நனையவில்லை. முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

குளிக்கவே இல்லை. பின்னே எதற்கு அந்தக் குழாய்?

மே 12, திங்கள்

மாட்டிக்கொண்டேன். மாடிப்படி வளைவில் நின்று பேசுகிறேன்.

திரும்பி வந்ததும் முத்துராணி காப்பி நீட்டினாள். டம்ளரை வாங்கும்போது கை பட்டது. டம்ளரைக் கீழே போட்டாள்.

"ஏங்க, இங்கன வாங்க! மாமா கையி சில்லுனு கெடக்கு!"

இசக்கிராஜா தூக்கக் கலக்கத்தோடு ஓடி வந்தான். நாடி பிடிக்கத் தெரியாதவன் நாடி பிடித்தான்.

"எங்கனப்பா போயிட்டு வாரீரு?"

"நடக்கப் போனம்லே."

"மாமா, இந்தக் கத்திரி வெயில்ல நடக்கதுக்குக் கம்பளி எதுக்கு?" என்றாள் முத்துராணி. நல்ல கேள்வி. சொன்னால் அந்த இடம் போய்விடும். நாளைக்கே துணைக்கு ஒரு ஆள் வரும், ஃபிளாஸ்க் வரும், "போதும் எந்திரிங்க" வரும்.

மே 19, திங்கள்

மனசு சம்பந்தப்பட்ட டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். நல்ல மனுஷர், சின்ன வயசு. இன்றைக்கு என்ன கிழமை என்றார். சொன்னேன். பேத்திகள் பெயர் கேட்டார். சொன்னேன், பிறந்த நட்சத்திரத்தோடு. அவருக்குத் திருப்தி. எழுந்திருக்கப் போகும்போது, "தினமும் கம்பளி கொண்டு போறீங்களாமே, எதுக்கு?" என்றார்.

"குளிருக்கு" என்றேன்.

அறைக்குள் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. முத்துராணி முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். டாக்டர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே இருந்தார்.

மே 20, செவ்வாய்

கம்பளி பீரோவுக்குள். சாவி முத்துராணி இடுப்பில்.

மே 22, வியாழன்

கம்பளி இல்லாமலே போனேன். இசக்கிராஜாவின் பங்க் சட்டையை என் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு நின்றேன். அகமது மீரான் பார்த்தார்.

"போர்வ இல்லாம உள்ள விடமாட்டேன்வே. போரும், வீட்டுக்குப் போரும்."

"பாய், கொஞ்ச நேரம்."

"ஒமக்கு ஒண்ணு ஆனா எவன்வே பதில் சொல்லுவான்?"

அவர் பேரில் தப்பில்லை. ஒருத்தர் பேரிலும் தப்பில்லை. அதுதான் ஆத்திரமா வருது. நான் என்ன கேட்டேன்? காசு கேட்டனா? காடு கேட்டனா? செத்த நேரம் சும்மா இருக்கணும்னேன். அதுக்கு மாத்திரயா? அதுக்குப் பீரோவா? மலையில ஆனைக்குப் பயப்படாம நடந்தவன் இங்கன ஒரு சாவிக்குப் பயந்துகிட்டு—

போதும். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.

மே 25, ஞாயிறு

மாத்திரைத் தூக்கத்தில் கூடத்தில் படுத்திருந்தேன். டிவியில் சிரிப்புச் சத்தம். அதற்குள்ளே குழாய்ச் சத்தம். வாளி வழிகிற சத்தம். சின்னப் பேத்தி கதவைத் தட்டுகிறாள்: "எம்மா, எம்புட்டு நேரம்?"

உள்ளேயிருந்து, "குளிச்சிட்டிருக்கேம்லா? இந்தா வாரேன்."

குளிக்கவில்லை. எனக்குத் தெரியும்.

எழுந்து உட்கார்ந்தேன். இந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். உள்பக்கம் தாழ்ப்பாள் போட அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு கதவுதான். அதற்குள்ளும் குளிப்பது போல் காட்டினால்தான் விடுவோம். அந்தக் குழாய் வாளிக்கு ஓடவில்லை, வெளியே நிற்கிற எங்கள் காதுக்கு ஓடுகிறது.

நானாவது பஸ் ஏறிப் போனேன். அவளுக்கு அதுவும் இல்லை. கதவுக்கு வெளியே நின்று தண்ணீர்க் கணக்குப் பார்த்தேன்.

மே 27, செவ்வாய்

பேத்திகள் பக்கத்து வீட்டில். இசக்கிராஜா குறட்டை.

"முத்துராணி, கம்பளிய எடு. எங்கூட வா. எங்கனன்னு கேக்காத."

"மாமா, பீடிக்கட்டு இன்னிக்கி ஒப்படைக்கணும்—"

"வான்னா வா."

என்ன நினைத்தாளோ, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தாள், ஓடிவிடுவேனோ என்று. சந்துக்குள் திரும்பியதும் அகமது மீரான், "இது யாரு பெரியவரே?" என்றார்.

"எம் மருமவ. இன்னிக்கி எனக்குப் பதிலா இவ."

முத்துராணி கதவைப் பார்த்தாள், கீழே தவழ்கிற புகையைப் பார்த்தாள், கம்பளியைப் பார்த்தாள்.

"மாமா, இது ஐஸ் கம்பெனி."

"ஆமா."

"இதுக்குள்ளயா தெனம் வந்து உக்காந்தீய?"

"டாக்டர்ட்ட குளிருக்குன்னு சொன்னனா இல்லியா? எவராவது நம்புனீயளா?"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"நீ உள்ள போ. கட்டைய எடுக்காத. நான் வாசல்ல இருக்கேன், எவனும் வரமாட்டான்."

வெளியே ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. குழாய்ச் சத்தம் கூட இல்லை.

வேலைக்காரப் பையன்கள் எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு வரும்போதுதான் வந்தாள். மூக்கு நுனி சிவந்து, முகம் கழுவி விட்டது மாதிரி இருந்தது. பஸ் ஸ்டாப் வரை என் கையைப் பிடிக்கவில்லை. பஸ் வரும்போது கேட்டாள்:

"ஞாயித்துக்கெழம யாரு வாரது மாமா, நீங்களா நானா?"

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். பீரோ சாவி ஆணியில் தொங்குகிறது. டாக்டர் திரும்ப வரச் சொன்ன தேதியை யாரும் பேசவில்லை. "ரெண்டு பேரும் மாறி மாறி எங்கதான் போறீய?" என்றான் இசக்கிராஜா. "மாமாவுக்கு வேண்டுதல்" என்றாள். அவள் இவ்வளவு அழகாகப் பொய் சொல்லுவாள் என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 7, சனி

பக்ரீத். ஐஸ் கம்பெனி பூட்டு. நானும் அவளும் காலையிலிருந்து எல்லோர் பேரிலும் எரிந்து விழுகிறோம்.

ஜூன் 15, ஞாயிறு

இன்றைக்கு அவள் முறை. நான் வாசலில் மரப்பெட்டியில். அகமது மீரான் கூரைத் தகரத்தை ஒரு முழம் முன்னால் இழுத்துவிட்டு, "காவக்காரருக்கு நெழலு வேண்டாமா?" என்றார். சம்பளம் எவ்வளவு பாய் என்றேன். "கால்ல படுதுல்லா, அதாம்வே சம்பளம்" என்றார். கதவுக்கு அடியிலிருந்து பனி வந்து என் செருப்பை மூடிக்கொண்டிருந்தது.

போனைக் கிட்டே வைத்துப் பைய பேசுகிறேன், உள்ளே கேட்கக் கூடாது.

குழாய்ப் பாதையில் என்னோடு வந்தவர்களை நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெண்டாட்டி, கல்யாணமான புதிதில் தூக்குவாளியோடு வந்தாள். சுனாமி வந்த வருஷம் போனாள். ஆபீசிலிருந்து தில்லைநாயகம் அண்ணாச்சி குழாயை அளக்க வந்தார். பாதி வழியில் அட்டையைப் பார்த்து வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் செத்தது, கீழே வெள்ளம் வந்ததற்கு முந்தின ஐப்பசி. மிஷின் வேலைக்கார சாலமோன், வழி நெடுகப் பாட்டுப் பாடி என் காலையைக் கெடுத்தவன். கொரோனாவின் இரண்டாவது வருஷம்.

அப்புறம் ஒரு நாள், எங்கள் லைனில் கடைசி வீட்டுச் செந்தூர்பாண்டியின் மகள். அப்போது பால்பல் விழுகிற வயசு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் இல்லாமல் என் பின்னாலேயே வந்திருக்கிறது. இரண்டாவது வளைவில் திரும்பிப் பார்த்தேன். "மாமா, என் வாயில பொக வருது" என்றது. விரட்ட மனசு வரவில்லை. மேலே ஒரு பாறையில் உட்கார வைத்தேன். நான் சல்லடையைக் கழுவி முடிக்கிற வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஊதுகிறது, பார்க்கிறது, ஊதுகிறது, பார்க்கிறது. தனியாக இருக்கத் தெரிந்த பிள்ளை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பின்னால் இசக்கிராஜாவுக்குப் பெண் கேட்டுப் போனதும் அதை நினைத்துத்தான். அவனுக்கு இது தெரியாது.

அந்தப் பாதையில் வந்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பது, என்னை விட்டால், கம்பளியைப் போர்த்திக்கொண்டு இந்தக் கதவுக்குள் உட்கார்ந்திருக்கிற முத்துராணி.