பக்கத்துக் கதிரை

கற்பிட்டி
10.02.2013

அன்புள்ள ஸுலைஹா ராத்தாவுக்கு,

உங்கள் புது வீட்டுக்குக் கூரை ஏறியதா? இங்கே மாதாவின் தயவில் எல்லாரும் சுகம். போனில் கதைக்கலாம் என்றால் "ஹலோ" சொல்வதற்குள் உங்கள் ஊர்ச் சிக்னல் ஓடிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் மன்னாருக்குத் திரும்பிய நாளிலிருந்து, ஞாயிறு கூட்டத்தில் உங்கள் கதிரை என் பக்கத்தில் வெறுமனே கிடக்கிறது. எங்கள் ஊர் யூஜீனியா அதை வாராவாரம் துடைத்து வேறு வைக்கிறாள்! உங்கள் அகதி முகாம் பெண்களும் எங்கள் ஊர்ப் பெண்களும் கிணற்றடியில் குடத்தால் அடித்துக்கொண்ட காலத்தில், தண்ணீர்ச் சங்கத்தில் முகாமுக்கு ஒரு தலைவி, ஊருக்கு ஒரு தலைவி, இரண்டு பேரும் கதிரையில் இருந்தால்தான் தீர்மானம் என்று ஒழுங்கு போட்டது நாம்தானே. நல்ல ஒழுங்குதான். ஆனால் இப்போது உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் மெஷினுக்குப் பில்டர் மாற்றவும் "ராத்தா வரட்டும்" என்கிறார்கள்.

எனக்கு இத்தாலி விசா வந்துவிட்டது. மகள் டெனிஷாவுக்கு மே மாதம் தலைப்பிரசவம். "அம்மா, நீங்க பக்கத்தில நிக்கோணும்" என்று அழுகிறாள். உங்கள் இடத்துக்கு முகாமிலிருந்து நிஸ்ரின் வரட்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். அப்போதுதான் தீர்மானம் எடுத்து, என் இடத்தை யூஜீனியாவிடம் கொடுத்துவிட்டு நானும் போகலாம்.

உங்கள்
ஜூலியானா

---

முசலி, மன்னார்
01.03.2013

அன்புத் தங்கச்சி ஜூலிக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் உயிரோடு இருக்கிறேன். கூரைக்கு இன்னும் தறப்பாள் சீலைதான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்காக உங்கள் பக்கம் புத்தளத்திலேயே நின்றுவிட்டார்கள். பற்றைக் காட்டை வெட்டிக்கொண்டு நானும் அவர்களின் வாப்பாவும் மட்டும் இங்கே.

அங்கே இருந்தபோது என்னை மன்னார் அகதி என்றார்கள். இங்கே "புத்தளத்தாள் வந்திட்டா" என்கிறார்கள். ஸுலைஹா என்று பெயர் சொல்லிக் கூப்பிட அந்தக் கதிரை ஒன்றுதான் எனக்கு மிச்சம். அதையும் கேட்கிறீர்களே, தங்கச்சி. அடுத்த மாதம் கட்டாயம் வருவேன். அதுவரை பொறுங்கள்.

வஸ்ஸலாம்
ஸுலைஹா

---

கற்பிட்டி
07.04.2013

ராத்தா,

நீங்கள் வரவில்லை. பாஸ்குத் திருநாளும் முடிந்துவிட்டது.

பில்டர் பாசி பிடித்துக் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் நானும் நிஸ்ரினும் கழற்றி மாற்றினோம். தண்ணீர் கண்ணாடியாக வருகிறது. ஆனால் முகாம் பெண்கள் குடத்தோடு திரும்பிப் போய்விட்டார்கள். "எங்கட தலைவி இல்லாம எப்பிடிக் கை வெச்சீங்க?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். இப்போது பழைய உப்புக் கிணற்றில் அள்ளுகிறார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம்.

எனக்கு உங்கள் மேல் கோபம், ராத்தா. பாவம் என்றும் இருக்கிறது, ஆனால் கோபம்தான் கூட.

ஜூலியானா

---

முசலி
19.04.2013

ஜூலி,

பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் என்று வாசித்ததும் சோறு இறங்கவில்லை. என் இடத்துக்கு நிஸ்ரின் வரட்டும். இதை எல்லாருக்கும் கேட்க வாசியுங்கள். எழுதி முடித்து நன்றாக அழுதேன், மறைக்கவில்லை.

நீங்கள் போய்ப் பேரப்பிள்ளையைத் தூக்குங்கள்.

ஸுலைஹா

---

கற்பிட்டி
20.05.2013

அன்புள்ள ராத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தேன். நிஸ்ரின் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து உங்கள் கதிரையில் இருந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். முகாம் பெண்கள் அன்று பின்னேரமே மெஷினடிக்குக் குடம் கொண்டுவந்தார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

அந்தச் சூட்டோடு நான் எழும்பி யூஜீனியாவின் பெயரைச் சொன்னேன். யூஜீனியா தலையைக் குனிந்துகொண்டு, "ராத்தாவும் போயிட்டா. நீங்களும் போனா நாங்க ஆர்ட முகத்தப் பாத்துக் கதைக்கிறது?" என்றாள். நிஸ்ரின், "அக்கா எழும்பினா நானும் எழும்புவன்" என்றுவிட்டாள். அவள் எழும்பினால் முகாம் மறுபடி கிணற்றுக்குப் போகும். அது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிறு நான் கூட்டத்துக்குப் போகவில்லை. வீட்டில் பெட்டி அடுக்கினேன். வாசலில் சத்தம் கேட்டது. பார்த்தால், இரண்டு கதிரைகளையும் தூக்கிக்கொண்டு மொத்தச் சங்கமும் நிற்கிறது! "வர ஏலாட்டி இங்கயே வெப்பம் அக்கா" என்றார்கள். யாருக்கும் கோபம் இல்லை. தேத்தண்ணீருக்குச் சீனிகூடக் கொண்டுவந்திருந்தார்கள். என் வீட்டு மண்டபத்தில், என் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரைகளைப் போட்டார்கள். நான் இருந்தேன். என்னோடு இத்தாலிக்கு வர இருந்த ஊர்க்காரர்கள் வியாழக்கிழமை நான் இல்லாமலே விமானம் ஏறிவிட்டார்கள்.

நேற்றும் இங்கேதான் கூட்டம். நடுவில் டெனிஷாவின் அழைப்பு வந்தது. கூட்டத்தில் போன் எடுப்பதில்லை என்பதும் நாம் இருவரும் போட்ட ஒழுங்குதானே. மடியில் வைத்துக்கொண்டு, அது அடித்து ஓயும்வரை கதிரையில் இருந்தேன்.

பெண் பிள்ளையாம், ராத்தா.

உங்கள்
ஜூலியானா