மாப்பிள்ளை ஊரின் ஓட்டுக் கணக்கு

1979 ஆனி 5, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்றும் மழையும். விரதம், பால் மட்டும்.

மகள் செல்வியைப் பெண் கேட்டிருக்கும் இங்கிலாந்து மாப்பிள்ளையிடமிருந்து (இனி மா.) பத்திரிகைக் கட்டு. அங்கே பஞ்சாலையில் வேலை. உங்கள் ஊர் எப்படி என்று என் வீட்டுக்காரர் எழுதிக் கேட்டதற்கு ஒரே வரி: எல்லாம் பேப்பர்ல இருக்கு மாமா. எலக்‌ஷன் முடிவு தொகுதிவாரியாக, தேசப்படத்தோடு. எந்த ஊரில் எத்தனை பேர் வேலையில்லாமல், தனிப் பக்கம்.

ஞாயிறுக்குள் சம்மதமா இல்லையா சொல்ல வேண்டும்.

தாளில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, அடியில் உள்ளது தெரியும்படி ஆக்கி, படத்தின் மேல் வைத்துக் கோடு இழுத்தேன். கை நாற்றம் போகவில்லை. அந்தக் கையோடே விளக்கு ஏற்றினேன், முருகன் பொறுக்கணும்.

ஆனி 6, புதன்

ஜெயித்த கட்சிக்கு நீலம், தோற்றதற்குச் சிவப்பு. பார்த்தால் நாடே நீலம். மா. ஊர்ப் பக்கம் சிவப்புத் துளிகள்.

வேலையில்லாதவர் தொகையை ஏக்கருக்கு இத்தனை என்று வகுத்தேன். மா. ஊர் படுமோசம். மலைத் தொகுதிகள் சொர்க்கம். ஃபாக்டரியிலிருந்து சாப்பிட வந்த இவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த மலையில ஆடுதான் மேயுது, ஆட்டுக்கு வேலை இல்லேன்னு எவன் எழுதுவான் என்றார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து, உரம், ஆள் எல்லாமே ஏக்கர் கணக்கு. அந்தப் பழக்கம். மனுஷரை ஏக்கரில் கரைத்துவிட்டேன்.

பசறைக் கடைத்தெருவுக்குப் போகிறவரிடம் சொல்ல: சிவப்புப் பென்சில், விளக்குத்திரி.

ஆனி 8, வெள்ளி

மறுபடி போட்டேன், நூறு பேருக்கு எத்தனை என்று. மா. ஊர் நடுத்தரம். மனசு லேசானது.

அப்புறம்தான் பட்டியலின் அடியில் ஒரு சின்னக் கட்சி கண்ணில் பட்டது. வெளியே இருந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பணும் என்பவர்கள். எங்கேயும் ஜெயிக்கவில்லை. வாங்கிய ஓட்டுக்குக் கறுப்புப் புள்ளி வைத்தேன். ஆலை மூடியதாகப் பேப்பரில் போட்டிருக்கும் ஊர்களில் புள்ளி அதிகம். மா. தொகுதியில் பக்கத்துத் தொகுதியைப் போல இரண்டு பங்கு.

ஆலை மூடியதால் கோபமா? கோபம் முன்பே இருந்ததா? படம் அதைச் சொல்லாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் காட்டும்.

மா.வின் அத்தை பதுளையிலிருந்து மழையில் வந்தார். படத்தைப் பார்த்து, பொண்ணக் கேட்டா நீங்க நாட்டையே அளக்கிறீங்களே மதினி என்று கேலி. டீ குடித்தார். புள்ளிகளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு வருஷம் முன்பு, இங்கே இலங்கையில் எலக்‌ஷன் முடிந்த அடுத்த மாதம், தமிழரை அடிக்க வந்த கும்பலுக்குப் பயந்து ராத்திரி முழுக்கத் தேயிலைக்குள் படுத்திருந்தோம். செல்வி வாயை நான் கையால் பொத்தியிருந்தேன். அங்கேயும் அப்படி ஒரு ராத்திரி வந்தால் பக்கத்தில் யார்?

ஆனி 10, ஞாயிறு

மழை விட்டது. பூசை முடித்து, செல்வியைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். புள்ளிகளையும். மறைத்துக் கட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. வேண்டாம் என்று சொல்வாள் என்றே நினைத்தேன்.

விரல் வைத்துப் புள்ளிகளை எண்ணினாள். நம்ம தோட்டத்துக்கும் ஒண்ணு போடுங்கம்மா என்றாள்.

போட உட்கார்ந்தேன். ஓட்டு உள்ளது எங்கள் வீட்டுக்கும் ஆபீஸ் கிளாக்கர் வீட்டுக்கும். தொழிலாளிகள் குடியிருக்கும் லயங்களில் பிரஜாவுரிமை இல்லாமல் அத்தனை பேர். என்ன வர்ணம் அடிப்பது? பென்சிலை வைத்துவிட்டேன்.

"அங்க நம்மள வேணாங்கிறவங்க எத்தனை பேருன்னு எண்ணி பேப்பர்ல போட்டிருக்காங்கம்மா. இங்க அதையும் யாரும் எண்ணல. நான் போறேன்."

செல்வி சொல்லிவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினாள்.

கடிதத்தை இவர் எழுத வேண்டியது. பேனாவை நான் வாங்கிக்கொண்டேன். சம்மதம் என்று எழுதினேன். கீழே ஒரு கேள்வி: தம்பி, ராத்திரி வேலை முடிந்தால் எந்தத் தெரு வழியாக வீட்டுக்கு நடந்து வருகிறீர்கள்?