முகத்துக்கு ஒரு சீனச் சொல்

மார்ச் 4, செவ்வாய்

கம்பெனியில் நடக்கும் சீன வகுப்பில் இன்றைய சொல் 'வாய்பியாவ்'. வெளித்தோற்றம். வாயில் ஆரம்பிக்கிறதே என்று எல்லோரும் சிரித்தோம். 'பியாவ்' என்று தனியாகச் சொன்னால் மீட்டர் என்றும் பொருளாம். பாய்லர் அறையில் நாளெல்லாம் நான் பார்ப்பது அதைத்தான்.

ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார் ஆசிரியை. ரிசப்ஷன் பெண்கூட, வகுப்புக்கு இன்றுதான் முதல் நாள் வந்தவள், என்னவோ சொன்னாள். அடுத்து நான். ஆசிரியை என் வலக்கன்னத்தைப் பார்த்தார், நீராவியில் வெந்ததை. பார்த்துவிட்டு எனக்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இரக்கமாம். வெந்தது கன்னம்தானே, நாக்கா?

மார்ச் 5

அந்தச் சொல்லில் பதினாறு வாக்கியம் எழுதினேன். ஒன்றில்கூட நல்ல வார்த்தை இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

தேர்வில் நான்தான் முதல். முதலில் வருபவர்தான், புது பாய்லரை ஓட்டிக்காட்ட வரும் சீன இன்ஜினியருக்கு மொழிபெயர்ப்பாளர். மேனேஜரே சொன்னது.

மார்ச் 14

ரிசப்ஷன் பெண்தான் இன்ஜினியர் பக்கத்தில் நிற்பாளாம். நான் அடுத்த அறையில் உட்கார்ந்து, போனில் அவள் காதுக்குள் சொல்லவேண்டுமாம்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கம்பெனிக்குன்னு ஒரு தோற்றம் இருக்கில்ல?" என்றார் மேனேஜர்.

இந்த முகம் எந்தக் கம்பெனியில் வெந்தது? அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று இந்த மேனேஜர் மாற்றாமல் விட்ட குழாய் வெடித்துத்தானே? கேட்டேனா? இல்லை. "சரி சார்" என்றேன். சரி சாராம்.

வீட்டில் பாத்திரமெல்லாம் உருண்டன. யாரைத் திட்டுகிறாய் என்று எட்டிப் பார்த்தார் வீட்டுக்காரர். என்னைத்தான் என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று புது பாய்லரை ஓட்டிக்காட்டும் நாள்.

பாய்லர் இரைச்சலில் போன் விட்டுவிட்டுக் கேட்டது. இன்ஜினியர் 'யாலி பியாவ்' என்று கத்தினார். பிரஷர் மீட்டர். முள் சிக்கிவிட்டது, நெருப்பை அணையுங்கள் என்கிறார். நான் சொன்னது ரிசப்ஷன் பெண்ணுக்கு எட்டவில்லை. பாவம், தெரிந்த ஒரே பியாவை வைத்து, வெளித்தோற்றம் சரியில்லையாம் என்றாள். பெயின்ட் அடித்துவிடலாம் என்று சொல்லச் சொன்னார் மேனேஜர், சிரித்துக்கொண்டே.

ஓடினேன். பர்னர் பெட்டிச் சாவியை மேனேஜர் கையிலிருந்து பிடுங்கித் திறந்து நெருப்பை அணைத்தேன்.

இன்ஜினியர் மூச்சு வாங்கினார். பிறகு என் கன்னத்தைப் பார்த்து நேராகவே கேட்டார். நானும் நேராகப் பதில் சொன்னேன். என்ன கேட்கிறார் என்றார் மேனேஜர்.

"என் முகம் இங்கதான் வெந்துச்சான்னு கேக்குறாரு சார். ஆமான்னு சொன்னேன்."

அடுத்த கேள்வியையும் இன்ஜினியர் என்னிடமே கேட்டார்.

மார்ச் 21, வெள்ளி

அடுத்த மூன்று நாளும் நானே இன்ஜினியரோடு நின்றேன். இன்று அவர் கிளம்பும்போது எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பச் சொன்னார் போட்டோக்காரர். திருப்பவில்லை.

தங்கைக்குப் படத்தை அனுப்பினேன். உடனே போன்.

"என்னக்கா, இப்படி முறைச்சுக்கிட்டு நிக்கிற?"

கன்னத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முறைப்பு மட்டும்தான் தெரிந்திருக்கிறது.